எதை முதலில் படிப்பது?

ஜான் வாஷம் பல ஆண்டுகளாக இணையதளங்களை உருவாக்கி வந்த அமெரிக்கர். படித்தது பொருளாதாரம்; கணினி அறிவியலில் பட்டம் கிடையாது. 2016-இல் கூகுளில் மென்பொருள் பொறியாளராகச் சேர வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. அந்த நேர்காணலில் கேட்கக்கூடிய அடிப்படைகள் பலவும் தனக்குத் தெரியாது என்பதை அவர் மறைக்கவில்லை. படிக்க வேண்டியதையெல்லாம் ஒரு சின்னப் பட்டியலாக எழுதினார். நிரலாளர்கள் கூடும் கிட்ஹப் தளத்தில் அதை எல்லோருக்கும் தெரியும்படி போட்டுவிட்டு, நாளொன்றுக்கு 8 முதல் 12 மணி நேரம் வரை பல மாதங்கள் உட்கார்ந்து படித்தார்.

கூகுள் வேலை கிடைக்கவில்லை. அமேசானில் கிடைத்தது.

அவர் போட்ட பட்டியல் அதற்குள் அவரைவிடப் பிரபலமாகிவிட்டது. ‘கோடிங் இன்டர்வியூ யுனிவர்சிட்டி’ என்ற பெயரில் அது இன்றும் அங்கே இருக்கிறது. பல மொழிகளில் பெயர்த்தும் வைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் அதிலுள்ள வீடியோக்களும் பாடங்களும் ஏற்கெனவே யூடியூபிலும் பல்கலைக்கழகத் தளங்களிலும் கிடந்தவைதாம். எதற்குப் பிறகு எதைப் படிப்பது என்று வரிசைப்படுத்தியதுதான் வாஷம் செய்த வேலை.

அந்த வேலைக்கு ஏன் இவ்வளவு வரவேற்பு? இணையத்தில் பாடங்களுக்குப் பஞ்சமே இல்லை. தன் வகுப்புப் பாடங்களை இலவசமாக இணையத்தில் வைக்கப்போவதாக அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2001-இல் அறிவித்தது. இங்கே ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து 2003-இல் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் திட்டத்தைத் தொடங்கின. இப்படிக் கதவுகள் திறந்தும், உள்ளே போனவர்களில் கடைசிவரை நடந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் நடத்திய இணையப் படிப்புகளைப் பற்றி 2019-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வின்படி, 2017-18-இல் சேர்ந்தவர்களில் படிப்பை முடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர். பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிவு செய்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் முடித்தார்கள். சும்மா எட்டிப் பார்க்கச் சேர்ந்தவர்களும் இந்தக் கணக்கில் உண்டு என்பதால், விட்டுப் போனவர்கள் எல்லோரையும் தோற்றவர்கள் என்று சொல்வது அநியாயம். ஆனாலும், கல்லூரி என்பது பாடத்தோடு வரிசையையும் கெடுவையும் சேர்த்தே தருகிறது. இணையம் பாடத்தை மட்டும் தருகிறது.

வாஷத்தின் பட்டியலைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு தலைப்புக்கும் முன்னால் ஒரு சிறு கட்டம் இருக்கிறது. பட்டியலைத் தன் கணக்குக்கு நகல் எடுத்துக்கொண்டு, முடித்த பாடத்துக்கு எதிரே ஒரு குறி போட வேண்டும். மேலிருந்து கீழாக, தாண்டிக் குதிக்காமல் போக வேண்டும். அதைவிடப் பயனுள்ள பகுதி வேறொன்று. தான் எங்கே அளவு மீறினார் என்பதையும் அவர் அதிலேயே எழுதி வைத்திருக்கிறார். மணிக்கணக்கில் வீடியோ பார்த்துக் குறிப்பெடுத்ததில் பெரும்பகுதி சில மாதங்களில் மறந்துபோயிற்றாம். பிறகு கேள்வி அட்டைகள் செய்து, விடையை நினைவிலிருந்து வரவழைத்துப் பழகினார். அதிலும் தேவையில்லாததையெல்லாம் சேர்த்து அட்டைகளைப் பெருக்கிவிட்டதாகவும், தன் அளவுக்கு யாரும் படிக்கத் தேவையிருக்காது என்றும் சொல்கிறார். விளம்பரத்துக்குப் படிப்புத் திட்டம் போடுகிறவர்கள் இதையெல்லாம் எழுத மாட்டார்கள்.

நினைவிலிருந்து வரவழைப்பதன் பலன் வெறும் அனுபவக் கதையல்ல. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், ஒரு முறை வாசித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள்தாம் முன்னால் நின்றார்கள். ஆகவே, படிக்கும் நாளைக் குறித்துவிட்டுப் பரிசோதிக்கும் நாளைக் குறிக்காத திட்டம் பாதித் திட்டம்.

ஒரு பட்டப்படிப்பையே இப்படிக் கட்டியவர்களும் உண்டு. ‘ஓப்பன் சோர்ஸ் சொசைட்டி யுனிவர்சிட்டி’ என்ற தன்னார்வக் குழு, இலவச இணையப் படிப்புகளைக் கோத்து முழுக் கணினி அறிவியல் பாடத்திட்டம் ஒன்றைத் தயாரித்திருக்கிறது. வாரம் 20 மணி நேரம் ஒதுக்கினால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் முடிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. தொடங்கும் தேதியையும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் ஒரு விரிதாளில் போட்டால், எப்போது முடியும் என்று அது சொல்லிவிடும். வாரம் ஐந்து மணி நேரம்தான் முடியும் என்று போட்டுப் பார்ப்பவருக்கு அந்தத் தேதி கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். பாதி வழியில் தெரிவதைவிட முதல் நாளே தெரிவது நல்லது.

நம் ஊரில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்களிடம் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். டெலிகிராம் குழுவில் சேர்ந்தால் போதும், பி.டி.எஃப். வந்து குவிகிறது. சேமித்து வைத்ததையே படித்ததாக நினைக்கும் நோய் பலருக்கு இருக்கிறது. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழ்ப் பகுதியிலிருந்து வருகின்றன. பள்ளிப் பாடநூல்கள் இலவசமாக இணையத்தில் கிடைக்கின்றன. பழைய வினாத்தாள்களைத் தேர்வாணையமே வெளியிடுகிறது. நல்ல திட்டத்துக்கு இவையே பெரும்பாலும் போதும். அதில் ஒரு வரி இப்படி இருக்கலாம்: செவ்வாய், ஆறாம் வகுப்பு சமூக அறிவியல், சிந்துவெளி நாகரிகம், ஒன்றரை மணி நேரம்; வியாழன், புத்தகத்தை மூடிவைத்து அதே பாடத்தில் இருபது கேள்வி. ‘வரலாறு படிக்க வேண்டும்’ என்று எழுதி வைத்தால் செவ்வாய்க்கிழமை மாலை எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தெரியாது.

இப்படிப்பட்ட திட்டத்தை விரிதாளில் எழுதிப் பிறரோடு பகிரும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். விரிதாளைத் திருத்தும் உரிமையோடு குழுவில் போட்டுவிட்டால், யாரோ ஒருவர் தன் ‘முடித்தேன்’ குறியைப் போட, எல்லோர் தாளிலும் அது முடிந்ததாகக் காட்டும். பார்க்கும் உரிமை மட்டும் கொடுத்து, ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொள்ளச் சொல்வதே சரி.

இன்னொன்று, இணைப்புகள் நிரந்தரமல்ல. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெனிஃபர் விடோமின் தரவுத்தளப் படிப்பு 2011-இல் இணையத்துக்கு வந்து, பின்னர் அந்தப் பல்கலைக்கழகத்தின் லகுனிட்டா தளத்தில் இருந்தது. 2020-இல் லகுனிட்டா மூடப்பட்டது. படிப்பு எட்எக்ஸ் தளத்துக்கு மாறியது. பழைய முகவரியை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு வெற்றுப் பக்கம்தான் மிச்சம். முகவரியோடு படிப்பின் பெயர், ஆசிரியர் பெயர், கடைசியாகச் சரிபார்த்த தேதி ஆகிய மூன்றையும் பக்கத்துக் கட்டங்களில் எழுதி வைத்தவர்கள் தேடி எடுத்துக்கொள்ளலாம்.