களிம்பில் ஒட்டிய துணி

கி.பி. 796-இல் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியைக் கட்டியாண்ட சார்லமேன், கடலுக்கு அப்பால் இங்கிலாந்தின் மெர்சியாவை ஆண்ட ஒஃபா மன்னருக்கு ஒரு கடிதம் எழுதினார். யாத்திரிகர்கள், வணிகர்கள், சுங்கம் என்று அரசாங்க விஷயமாகப் போய்க்கொண்டிருக்கும் கடிதத்தில் திடீரென்று ஜவுளிக்கடை வாசம் அடிக்கிறது. உங்கள் ஆட்கள் தங்களுக்கு வேண்டிய கறுப்புக் கற்களின் அளவு பற்றிக் கேட்டிருக்கிறார்கள்; அதைப் போலவே எங்கள் ஆட்களுக்கு உங்கள் ஊர் மேலங்கிகளின் நீளம் பற்றி ஒரு முறையீடு உண்டு; முன்பு வந்த அளவிலேயே அனுப்பச் சொல்லுங்கள் என்கிறார் சார்லமேன்.

அளவு குறைந்ததற்கு அரசனே கடிதம் போடும் அளவுக்கு ஆங்கிலோ-சாக்சன் துணிக்கு அன்று வெளிநாட்டில் கிராக்கி இருந்திருக்கிறது. ஆனால் அந்த மேலங்கிகளில் ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை.

ரோமானியர்கள் பிரிட்டனைக் கைவிட்டுப் போன பிறகு, 5-ஆம் நூற்றாண்டில், இன்றைய வட ஜெர்மனியிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் ஆங்கிலோ-சாக்சன்கள். 1066-இல் நார்மானியர்கள் வெல்லும் வரை சுமார் 600 ஆண்டுகள் அந்த மண் இவர்களுடையது. உடுத்தியது கம்பளியும் லினனும். ஈர மண்ணில் இரண்டுமே மக்கிப்போகும். தொடக்க காலத்தில் இறந்தவர்களை உடுப்போடும் நகையோடும் புதைக்கும் வழக்கம் இருந்ததால்தான் ஏதோ கொஞ்சம் தெரிகிறது. உடையைக் குத்தி நிறுத்திய வெண்கல ப்ரூச் மண்ணுக்குள் களிம்பு ஏறும்போது, அதன் முதுகில் ஒட்டியிருந்த துணியிலும் அந்த உலோக உப்பு இறங்கிவிடும். துணி போய்விடும், நூலின் உருவம் மட்டும் பச்சையாக இறுகி நிற்கும். ஊசியின் சுருளுக்குள் சிக்கிய விரல்நகம் அளவுத் துண்டை நுண்ணோக்கியில் வைத்தால், நூலை எந்தப் பக்கம் முறுக்கினார்கள், நேர் நெசவா சாய்வரி நெசவா, ஆட்டு மயிரா நார்ச்செடியா என்று சொல்லிவிடலாம். கேல் ஓவன்-குரோக்கர், பெனலோபி வால்டன் ராஜர்ஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட துணுக்குகளிலிருந்தும் எலும்புக்கூட்டின் மேல் நகைகள் கிடந்த இடங்களிலிருந்தும் ஒரு காலத்தின் அலமாரியையே திரும்ப அடுக்கிக் காட்டினார்கள். பழைய அகழ்வாளர்கள் சிலர் ப்ரூச் பளபளக்க வேண்டும் என்று அந்தக் களிம்பைச் சுரண்டி எறிந்ததை நினைத்தால் வயிற்றெரிச்சல்தான்.

அந்த அலமாரியில் பெண்ணின் உடை, குழாய்போல் மூட்டிய நீண்ட அங்கி. இரு தோளிலும் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து ஆளுக்கொரு ஜோடி ப்ரூச். ஒரு ப்ரூச்சிலிருந்து இன்னொன்றுக்கு மார்பின் குறுக்கே கண்ணாடி, அம்பர் மணிகள் கோத்த சரம். இடுப்பு வாரில் சின்னக் கத்தி, பை, சாவிகள். சிலருடைய வாரில் சாவி வடிவத்தில் வெண்கலத் தொங்கல்கள் இருக்கும். அவை எந்தப் பூட்டையும் திறக்காது. வீட்டின் பொறுப்பு என்னிடம் என்று ஊருக்குக் காட்ட மட்டுமே அவை. பல நூற்றாண்டுகள் கழித்து, 11-ஆம் நூற்றாண்டில் கனூட் மன்னரின் சட்டம் இதையே எழுத்தில் வைத்தது: சரக்கறை, பெட்டி, பேழை ஆகியவற்றின் சாவி மனைவியிடம் இருக்க வேண்டும். கணவன் திருடிக் கொண்டுவந்த பொருள் அந்தப் பூட்டுகளுக்குள் அகப்பட்டால்தான் அவளும் குற்றவாளி.

உடையை வைத்தே ஊரையும் சொல்லலாம். கிழக்கிலும் வடக்கிலும் இருந்த ஆங்கிள் பெண்களின் சட்டைக்கை மணிக்கட்டில் உலோகக் கொக்கியால் இறுக்கியிருக்கும். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த பழக்கம் அது. தேம்ஸ் ஆற்றின் மேற்பகுதியில் இருந்த சாக்சன் பெண்களிடம் கொக்கி இல்லை. அவர்கள் தோளில் தட்டு வடிவ வட்ட ப்ரூச். 731-இல் வரலாறு எழுதி முடித்த பீட் என்ற துறவி, ஆங்கிள், சாக்சன், ஜூட் என்று மூன்று கூட்டத்தாரைப் பிரித்துச் சொன்னார். கல்லறை நகைகள் அதற்கு ஓரளவு ஒத்துப்போகின்றன. ஓரளவுதான். ஜூட்டுகளின் நாடு என்று அவர் சொன்ன கென்ட் பகுதியில், எதிர்க்கரையில் இருந்த ஃபிராங்க் பெண்களைப் பார்த்து முன்பக்கம் திறக்கும் மேற்கோட்டும் அதற்கேற்ற ப்ரூச்சுகளும் வந்துவிட்டன. ப்ரூச்சைப் பார்த்து இனத்தை அறுதியிட்டுச் சொல்வது ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரி போட்டதைப் பார்த்து ஆசைப்பட்டவளும் அந்தக் கல்லறையில் இருக்கலாம்.

கென்டின் செல்வம் கிங்ஸ்டன் ப்ரூச்சில் தெரியும். 1771-இல் பிரையன் ஃபாசெட் என்ற பாதிரியார் ஒரு பெண்ணின் கல்லறையைத் தோண்டியபோது கிடைத்தது. இப்போது லிவர்பூலில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் தங்க வட்டம். அதில் தேன்கூட்டு அறைகள் போலச் சின்னச் சின்னத் தங்கத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் அறுத்துப் பதித்த செந்நிறக் கார்னெட் கல். அந்தச் சிவப்பில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 5, 6-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நகைகளில் உள்ள கார்னெட்டுகளை ஆய்வகத்தில் சோதித்ததில், பல கற்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் எடுத்தவை என்று தெரிந்தது. அந்த வரத்து நின்ற பிறகு பொஹீமியாவின் சிறு கற்கள்தான் கிடைத்தன.

7-ஆம் நூற்றாண்டில் எல்லாம் மாறிற்று. 597-இல் அகஸ்டின் என்ற மதபோதகர் கென்டில் கால்வைத்த பிறகு கிறித்தவம் பரவ, ஜோடி ப்ரூச்சுகள் சில தலைமுறைகளில் மறைந்தன. மணிக்கட்டுக் கொக்கியும் போயிற்று. பைசாந்தியச் சீமாட்டிகளின் சாயலில் கழுத்தோரம் தங்கப் பதக்கங்கள், மெல்லிய சங்கிலி கோத்த ஊசிகள். இனி ஆங்கிளும் சாக்சனும் ஏறக்குறைய ஒரே மாதிரி உடுத்தினார்கள். வட்டார அடையாளம் தேய்ந்து, யார் பெரிய இடம் யார் சின்ன இடம் என்பதே எடுப்பாகத் தெரிந்தது. கேம்பிரிட்ஜ் அருகே டிரம்பிங்டனில் 16 வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணைக் கட்டிலோடு புதைத்திருந்தார்கள். அவள் உடையில் தைத்திருந்த தங்கச் சிலுவையிலும் கார்னெட். எலும்பைச் சோதித்ததில், ஆல்ப்ஸ் மலைப்பக்கத்திலிருந்து சிறுமியாக வந்தவள் என்று தெரிகிறது.

ஆண்களின் அலமாரியில் சொல்ல அதிகம் இல்லை. முழங்கால் வரை தொங்கும் சட்டை, காற்சட்டை, காலில் சுற்றிய துணிப்பட்டை, வலத்தோளில் குத்திய மேலங்கி. ஆண் பிள்ளையின் பகட்டு இடுப்பு வாரில்தான். 1939-இல் சட்டன் ஹூ கப்பல் கல்லறையில் கிடைத்த தங்க பக்கிள் 400 கிராமுக்கு மேல் எடை. பிற்காலத்தில் அங்கியின் நீளமே அந்தஸ்தைச் சொன்னது. 1066-ஐச் சித்திரிக்கும் பேயோ திரையில் எட்வர்ட் மன்னர் அரியணையில் கணுக்கால் வரை அங்கியோடு இருக்கிறார். வேலை செய்பவர்களுக்கு முழங்காலோடு சரி.

இத்தனைக்கும் நூல் நூற்றவர்கள் யார்? பெண்கள்தான், ஓயாமல். நூற்பு ராட்டினம் அங்கே இன்னும் வரவில்லை, தக்களிதான். சுவரில் சாய்த்த தறியில் பாவு நூல்களின் அடியில் களிமண் குண்டுகளைத் தொங்கவிட்டு நெய்தார்கள். சஃபோக்கில் வெஸ்ட் ஸ்டோ என்ற சிற்றூரை அகழ்ந்தபோது, தீப்பிடித்த குடிசையின் தரையில் அந்தக் குண்டுகள் கிடந்தன. 7-ஆம் நூற்றாண்டு முடிவில் இனெ மன்னரின் சட்டம் ஓர் ஆட்டின் உரோமத்துக்கு 2 பென்னி என்று விலை வைத்தது. வரியாகக் கொடுக்கும் போர்வை 6 பென்னி பெறவேண்டும் என்றது. நெய்த துணியே வரிப்பணமாக இருந்த காலம். ஆல்ஃப்ரெட் மன்னர் தம் உயிலில் ஆண் வழி உறவை ஈட்டிப் பக்கம் என்றும் பெண் வழி உறவைத் தக்களிப் பக்கம் என்றும் குறித்தார்.

ஆனால் எல்லாத் தக்களியும் ஒன்றல்ல. 10-ஆம் நூற்றாண்டின் நடுவில் வின்ஃப்ளாட் என்ற செல்வச் சீமாட்டி எழுதிவைத்த உயிலைப் படித்தால் இது உறைக்கும். அங்கிகள், முக்காடு, லினன் துணிகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து, இது இவளுக்கு, அது அவளுக்கு என்று பிரித்துக் கொடுக்கிறார். சாகும்போதுகூட எந்த அங்கி நல்லது, எது இரண்டாம் தரம் என்ற கணக்கு தப்பவில்லை. அதே மூச்சில் பேத்தி ஈட்கிஃபுக்கு ஒரு நெசவுக்காரியையும் ஒரு தையல்காரியையும் கொடுக்கிறார். இருவரும் அடிமைகள். அவர்களில் ஒருத்தியின் பெயரும் ஈட்கிஃபுதான்.

போதகர்கள் உடையைத் திட்டாத காலம் இல்லை. 7-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆல்டெல்ம் என்பவர் பார்கிங் மடத்துக் கன்னியாஸ்திரிகளுக்கு எழுதிய நூலில், துறவு பூண்டவர்களே பட்டுக்கரை வைத்த சட்டைக்கையும் சூட்டுக்கோலால் சுருட்டிய தலைமுடியுமாகத் திரிவதாகப் புலம்பினார். 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை வைக்கிங்குகள் சூறையாடியதும் ஆல்குயின் என்ற அறிஞர் நார்தம்பிரிய மன்னருக்கு எழுதினார்: எந்த அந்நியருக்கு நடுங்குகிறீர்களோ அவர்களைப் போலவே தாடியும் முடியும் வைத்துக்கொள்ளலாமா? 1000-ஆம் ஆண்டையொட்டி ஆல்ஃப்ரிக் என்ற துறவியும், பிடரியை மழித்து முன்மயிரைக் கண்ணில் விட்டுக்கொள்ளும் டேனியப் பாணியைக் கடிந்தார். இந்த வசவுகளைப் போல் நம்பத்தக்க சாட்சி வேறில்லை. யாரும் செய்யாத காரியத்தைக் கண்டிக்க எந்தப் போதகரும் மை செலவழிப்பதில்லை.

திருச்சபை திட்டிய அதே பகட்டைத் திருச்சபையே ஆசையாக வாங்கியும் வைத்தது. டர்ஹம் பேராலயத்தில், புனித கத்பர்ட்டின் கல்லறையிலிருந்து 1827-இல் எடுத்த தோள்பட்டி ஒன்று இருக்கிறது. தங்க ஜரிகையின் நடுவே பட்டு நூலில் தீர்க்கதரிசிகளின் உருவங்கள். ஆல்ஃப்ளாட் செய்வித்தாள், வின்செஸ்டர் ஆயர் ஃப்ரிதெஸ்டனுக்காக என்று அதிலேயே தைத்த எழுத்து. ஆல்ஃப்ளாட் அரசி, 909-க்கும் 916-க்கும் இடையில் செய்தது. பணம் கொடுத்தவள் பெயர் நிற்கிறது. ஊசி பிடித்தவள் பெயர் இல்லை.

எல்லா இடத்திலும் அப்படியல்ல என்பதற்கு நார்மானியர்களின் நில வரிக் கணக்கே சாட்சி. 1086-இல் எடுத்த டூம்ஸ்டே புத்தகத்தில் பக்கிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த ஆல்ஃப்கித் என்ற பெண் வருகிறாள். காட்ரிக் என்ற ஷெரீஃப் அவளுக்கு அரை ஹைட் அளவு நிலம் விட்டிருந்தார். தாம் பதவியில் இருக்கும் வரை அவள் அனுபவிக்கலாம், பதிலுக்குத் தம் மகளுக்கு ஜரிகை வேலை சொல்லித்தர வேண்டும். ஷெரீஃப் மகளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டிய கலை. வில்ட்ஷயரின் நூக் என்ற ஊரில் லியோஃப்கித். அவள் கணவர் வைத்திருந்த நிலம் இப்போது அவள் பெயரில். படையெடுப்பில் இங்கிலாந்துப் பிரபுக்கள் பெரும்பாலோர் சொத்தை இழந்து நின்றபோதும் இந்தப் பெண்ணின் நிலத்தை யாரும் தொடவில்லை. அவள் அரசருக்கும் அரசிக்கும் ஜரிகை வேலை செய்தாள், இன்னும் செய்கிறாள் என்று எழுதி வைத்திருக்கிறார் நார்மானியக் கணக்கர்.