நனைந்த பிறகும் கம்பளி கதகதப்பாக இருப்பது ஏன்?

ஸ்காட்லாந்தில் பெண் செம்மான் வேட்டைப் பருவம் அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை. மலையில் மழையும் பனியும் காற்றும் ஓயாத மாதங்கள். வேட்டைக்காரர் வியர்க்க வியர்க்க மேடேறுவார். பிறகு ஈரப் புல்லில் அசையாமல் நெடுநேரம் கிடப்பார். ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது.

குளிரைத் தடுப்பது துணியைவிட, இழைகளுக்கிடையே சிக்கி நிற்கும் காற்றுதான். அசையாத காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பருத்தி தொய்ந்து உடலோடு ஒட்டிக்கொள்ளும். காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். இந்த மலைக்குப் பருத்தி கூடவே கூடாது. கம்பளி இழை சுருள் சுருளானது. நனைந்தாலும் எளிதில் படிந்துவிடாது. தன் எடையில் சுமார் 30 சதவீத ஈரப்பதத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். அப்படி நீர் மூலக்கூறுகள் இழையோடு பிணையும்போது கொஞ்சம் வெப்பமும் வெளிப்படுகிறது என்பது அருமையான விஷயம்.

நனைந்தால் கனப்பது கம்பளியின் குறை. பாலியெஸ்டர் ஃபிளீஸின் இழை 1 சதவீத ஈரம்கூட உறிஞ்சாது. இலேசானது, சீக்கிரம் உலரும். ஆகவே உள்ளே மெல்லிய கம்பளி, அதன்மேல் ஃபிளீஸ், வெளியே சலசலக்காத மழைச்சட்டை. மானின் காது கூர்மையானது. மேடேறும்போது ஃபிளீஸைக் கழற்றிப் பையில் வையுங்கள். உடல் நடுங்கத் தொடங்கும் முன்பே எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.