வைஃபை வரலையா? கோளாறு எங்கேன்னு முதல்ல பார்ப்போம்!



ஒரு காலத்தில் நோட்டில் எழுதிய குழுக் கணக்கு, கடன் விண்ணப்பம், பயிற்சிக்குப் போகிறவர்கள் பட்டியல் எல்லாம் இன்று கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டன. கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு லேப்டாப் இருக்கிறது. 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த லேப்டாப் சில வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் விண்ணப்பம் அனுப்ப வேண்டிய கடைசி நாளில் பார்த்து "இன்டர்நெட் இல்லை" என்று வந்தால் நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

உடனே என்ன செய்கிறோம்? ஆதார் நகல், பாஸ்புக் நகல் எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு டவுன் கடைக்கு ஓடுகிறோம். ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு, குழுவில் உள்ள அத்தனை பேருடைய ஆவணமும் யாரோ ஒருத்தர் கம்ப்யூட்டரில் தங்கிப்போச்சு! கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் இந்த ஓட்டத்தில் பாதி மிச்சம். அதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம்.

குழாயில் தண்ணீர் வராத மாதிரிதான்

வீட்டுக் குழாயில் தண்ணீர் வரலைன்னா நாம் என்ன செய்வோம்? முதலில் நம்ம குழாயைத் திருகிப் பார்ப்போம். அடுத்து பக்கத்து வீட்டில் வருதான்னு கேட்போம். அங்கேயும் வரலைன்னா தொட்டியில் தண்ணீர் இருக்கா, மோட்டார் ஓடுதான்னு பார்ப்போம். இன்டர்நெட்டும் அப்படித்தான். வெளியிலிருந்து வரும் லைன், அதை வாங்கும் மோடம் பெட்டி, பெட்டியிலிருந்து காற்றில் வரும் வைஃபை அலை, கடைசியில் நம்ம லேப்டாப் என நான்கு இடம் உண்டு. இதில் எந்த இடத்தில் அறுந்தாலும் நமக்கு ஒரே பதில்தான் தெரியும்: "வரலை".

ஒரு விஷயத்தை மனசில் வையுங்கள். "வைஃபை கனெக்டட்" என்று காட்டினால், லேப்டாப்பும் பெட்டியும் பேசிக்கொள்கின்றன என்று மட்டும்தான் அர்த்தம். பெட்டிக்கு வெளியிலிருந்து இன்டர்நெட் வருகிறது என்று அர்த்தம் இல்லை. குழாய் சரியாக இருந்தும் தொட்டி காலியாக இருக்கலாம் அல்லவா?

இரண்டே சோதனை

முதல் சோதனை: ஒரு செல்போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் சேருங்கள். டேட்டாவை அணைக்க மறந்தால் சிம்மில் வரும் இன்டர்நெட்டை வைஃபை என்று நினைத்து ஏமாந்து போவோம். போனில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் லேப்டாப்பில். இரண்டிலும் வரவில்லை என்றால் பெட்டியில் அல்லது வெளி லைனில்.

இரண்டாவது சோதனை: இப்போது போனில் டேட்டாவைப் போட்டு, ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து, லேப்டாப்பை அதில் சேருங்கள். இன்டர்நெட் வந்தால் லேப்டாப்பின் வைஃபை வேலை செய்கிறது. அவசர விண்ணப்பத்தை அப்போதே அனுப்பியும் விடலாம். முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணையுங்கள். இல்லாவிட்டால் லேப்டாப் தானாக அப்டேட் இறக்கி, அன்றைய டேட்டாவையெல்லாம் காலி செய்துவிடும்.

கோளாறு லேப்டாப்பில் என்றால்

1. திரையின் வலது பக்கக் கீழ் மூலையைப் பாருங்கள். விமானப் படம் தெரிந்தால் ஏர்பிளேன் மோடு ஆன் ஆகியிருக்கிறது. அதை அணைத்தால் போதும். சில லேப்டாப்பில் மேல் வரிசை பட்டன் ஒன்றில் விமானமோ டவர் படமோ இருக்கும். கைதவறி அது அழுந்தினாலும் வைஃபை நின்றுவிடும். பழைய லேப்டாப் சிலவற்றில் ஓரத்தில் சின்ன சுவிட்சே உண்டு.

2. பெட்டியின் பாஸ்வேர்டை யாராவது மாற்றியிருந்தால், லேப்டாப் பழையதையே போட்டுக்கொண்டிருக்கும். செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை என்று போய், தெரிந்த இணைப்புகளின் பட்டியலில் நம்ம வைஃபை பெயருக்கு "ஃபர்கெட்" கொடுங்கள். பிறகு புதிதாகச் சேருங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டும் வேறு வேறு. கவனமா அடிங்க.

3. தேதியும் நேரமும் சரியா பாருங்கள். பழைய லேப்டாப்பில் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். அப்போது வைஃபை நன்றாக இருந்தும், வங்கிப் பக்கமும் அரசுப் பக்கமும் "பாதுகாப்பு இல்லை" என்று சொல்லித் திறக்காது. தேதியைத் திருத்தினால் திறந்துவிடும்.

4. எதுவும் சரிவரவில்லையா? லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

காற்றில் தடங்கல் என்றால்

பெட்டிக்குப் பக்கத்தில் வருகிறது, உள் அறையில் வரவில்லை என்றால் நடுவில் சுவரோ இரும்பு பீரோவோ மறிக்கிறது. பெட்டியைப் பீரோவுக்குப் பின்னாலோ தரையிலோ வைக்காமல், நடு இடத்தில் உயரமாக வையுங்கள். சில பெட்டிகள் இரண்டு பெயர் காட்டும். அதில் 5ஜி என்று முடிவது வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். மற்றொன்று (2.4) வேகம் குறைவு, தூரம் போகும். பழைய லேப்டாப் சிலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும்.

பெட்டியில் அல்லது லைனில் என்றால்

பெட்டியின் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். விளக்குகள் நிலைக்கு வர இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். பொறுங்க. ஃபைபர் லைனாக இருந்தால் "லாஸ்" என்ற விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து சிக்னல் வரவில்லை. நாம் என்ன செய்தாலும் பயனில்லை. கம்பெனிக்குப் போன் செய்து "லாஸ் விளக்கு சிவப்பாக எரிகிறது" என்று சொல்லுங்கள். புகார் எண்ணையும் தேதியையும் பதிவேட்டில் குறித்து வையுங்கள். தீர்மானம் எழுதிப் பழகிய நமக்கு இது புதுசா என்ன? மாதச் சந்தா கட்டியாச்சா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

* பெட்டியின் பின்னால் உள்ள "ரீசெட்" ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்தாதீர்கள். எல்லா அமைப்பும் அழிந்து, ஆள் வந்தால்தான் சரியாகும்.
* ஃபைபர் வயரை மடக்காதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கழன்ற முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது.
* வைஃபை பாஸ்வேர்டைச் சுவரில் எழுதி ஒட்டாதீர்கள்.
* "நெட் சரி செய்து தருகிறோம், இந்த ஆப்பைப் போடுங்க, ஓடிபி சொல்லுங்க" என்று யார் போன் செய்தாலும் உடனே வையுங்கள். அந்த ஆப் வழியாக நம்ம திரையை அவர்கள் பார்ப்பார்கள், குழுப் பணத்துக்கும் ஆபத்து. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

சகோதரிகளே, இந்தப் பக்கத்தை அடுத்த குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். ஊக்குநருக்கும் கணக்கு எழுதுகிறவருக்கும் மட்டும் தெரிந்தால் போதாது. அவர்கள் வராத நாளில்தான் நெட்டும் வராது! லேப்டாப்பைத் திறந்து, அந்த இரண்டு சோதனையையும் ஒவ்வொருவரும் ஒருமுறை செய்து பாருங்கள். கையால் செய்தது மறக்காது. நம்ம கணக்கும் நம்ம ஆவணமும் நம்ம கையிலேயே இருக்கட்டும்.