ஒளி பட்டது நிற்கும்

பிலிம் கேமராவில் தெருவைப் படம்பிடிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் ஒரு பனியன் பிரிண்டிங் பட்டறையில் அரை நாள் நில்லுங்கள். திருப்பூர் மண்ணரைக்காரர்கள் அதற்கு ஊரைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில், பிரேமில் இழுத்துக் கட்டிய மெஷ் துணிமேல் எமல்ஷனைத் தடவிக் காயவைக்கிறார்கள். டிசைன் கருப்பாக அச்சான பாசிட்டிவ் பிலிமை அதோடு ஒட்டவைத்து விளக்கைப் போடுகிறார்கள். ஒளி பட்ட இடம் இறுகிவிடும்; கருப்பு மறைத்த இடம் இளகியே கிடக்கும். தண்ணீரைப் பீய்ச்சினால் இளகியது கரைந்தோட, கண்ணெதிரே பூவோ புலியோ திறந்துகொள்கிறது. அந்தத் திறப்பு வழியேதான் கலர் பனியனில் இறங்கும். வெளிச்சம் குறைந்தால் எல்லாமே கழுவிக்கொண்டு போய்விடும். கூடினால் மெல்லிய கோடுகள் அடைத்துக்கொள்ளும்.

கருப்பு வெள்ளை பிலிமிலும் இதே கணக்கு. ஒளி பட்ட வெள்ளி உப்பு டெவலப்பரில் கரிய வெள்ளியாக மாறி நிற்கிறது. படாததை ஹைப்போ கரைத்து எடுத்துவிடுகிறது. இரண்டு வழியிலும் நடந்தவர் இங்கிலாந்தின் டால்பட். ஒரே நெகட்டிவிலிருந்து பல பிரதிகள் எடுக்கும் முறைக்கு 1841இல் காப்புரிமை பெற்றார். டைக்ரோமேட் கலந்த ஜெலட்டின் ஒளியில் இறுகுவதை வைத்து 1852இல் இன்னொன்று. அதில் படத்தின் சாயல்களை உடைக்க அவர் இடையில் வைத்தது, நம்ப முடிகிறதா, மெல்லிய துணி!

பிலிம் நமக்குப் பக்கத்திலேயே தயாரானது. 1960இல் தொடங்கிய ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் விற்றது. அந்த ஆலை மூடப்பட்டதில் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. இன்று ரோல் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. விலையும் கடுமை. 36 படத்தோடு தீர்ந்துவிடும்.

ஆகவே கணக்கைக் கண்ணிலேயே போட்டுக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில், 400 வேக பிலிமுக்கு எஃப் 16, ஷட்டர் 1/500. 35 மி.மீ. லென்சைப் பத்தடிக்கு வைத்தால், ஐந்தடியில் மொபெட்டில் போகும் பனியன் மூட்டை முதல் தெருக்கோடி டீக்கடை வரை தெளிவாக விழும். ஷிப்ட் முடிந்து வரும் பெண்களிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். களைத்து வருகிறவர்கள் அவர்கள்.

வீட்டில் பிலிம் கழுவுகிறவர்கள் பழைய ஹைப்போவைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அதில் வெள்ளி கரைந்திருக்கிறது. நொய்யல் ஆறு கெட்டதால் 2011இல் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட ஊர் இது. கேனில் சேர்த்துவைத்து, எக்ஸ்ரே கழிவிலிருந்து வெள்ளி பிரிக்கிறவர்களிடம் கொடுங்கள்.