டால்படில் கிராமத்தில் இரண்டு நாள்



இங்கிலாந்துக்குப் போய் வந்தவர்களிடம் எல்லாரும் கேட்பது, "அரண்மனையைப் பார்த்தீர்களா?" என்பதுதான். நாங்களும் பார்த்தோம். ஆனால் அந்தப் பயணத்தில் மிஞ்சிய இரண்டு நாளை ஒரு கூலிக்கார ஊருக்கென்று ஒதுக்கி வைத்தோம். டார்செட் மாவட்டத்தில் உள்ள டால்படில் என்பது அவ்வூரின் பெயர்.

லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் இரயில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் டார்செஸ்டர் நகரம். அங்கிருந்து ஏழு மைல். ஒரே தெரு, வைக்கோல் கூரை வேய்ந்த சில பழைய வீடுகள், ஒரு தேவாலயம், சின்ன ஆறு ஒன்று. அரை மணியில் ஊரைச் சுற்றிவிடலாம். அதன் கதையைக் கேட்கத்தான் இரண்டு நாள் வேண்டும்.

1830-ஆம் ஆண்டுகளில் இவ்வூர் விவசாயத் தொழிலாளிக்கு வாரக் கூலி 9 ஷில்லிங். அதை 8 ஆக்கினார்கள், பிறகு 7 ஆக்கினார்கள், இனி 6 தான் என்றார்கள். ஒன்பதில் மூன்று போனால் என்ன ஆகும் என்று கணக்குப் புத்தகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அடுப்படியில் என்ன ஆகும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஜார்ஜ் லவ்லெஸ் என்ற தொழிலாளி, ஓய்வு நாளில் சமயப் பிரசங்கம் செய்பவர். அவர் முன்னின்று 1833-இல் விவசாயத் தொழிலாளர் நட்புறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தாமஸ் ஸ்டான்ஃபீல்டு என்பவர் வீட்டு மாடியில் ஆள் சேர்த்தார்கள். புதிதாகச் சேருகிறவரின் கண்ணைக் கட்டி அழைத்து வருவார்கள். கட்டை அவிழ்த்ததும் எதிரே ஓர் எலும்புக்கூட்டுப் படம் இருக்கும். சங்கத்து இரகசியத்தை வெளியிடுவதில்லை என்று அவர் சத்தியம் செய்ய வேண்டும். அந்த வீடு இன்றும் நிற்கிறது. அதில் குடியிருக்கிறார்கள் என்பதால் வெளியே நின்றுதான் பார்க்க முடியும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சங்கம் அமைப்பது குற்றமல்ல என்று 1824-லேயே சட்டம் மாறிவிட்டது. ஆகவே சங்கம் வைத்ததற்காக இவர்களைப் பிடிக்க முடியவில்லை. கடற்படையில் கலகம் மூண்ட காலத்தில், 1797-இல், இரகசியச் சத்தியத்தைத் தடுக்க ஒரு சட்டம் செய்திருந்தார்கள். நிலக்கிழாரும் மாஜிஸ்திரேட்டுமான ஜேம்ஸ் ஃபிராம்டன் அந்தப் பழைய சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார். படகோட்டியும் அறியாத உழவர்கள் மேல் கப்பற்படைச் சட்டம் பாய்ந்தது! 1834 பிப்ரவரி 24-இல் ஆறு பேர் கைதாகி, அந்த ஏழு மைலையும் நடந்தே டார்செஸ்டர் போனார்கள். மார்ச்சில் தீர்ப்பு: ஏழாண்டு ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தல். அந்த நீதிமன்ற அறை இப்போது காட்சியகம். இரண்டாம் நாள் காலையில் கைதிக் கூண்டில் நாங்கள் நின்று பார்த்தோம். கைப்பிடிச் சுவர் நம் மார்பளவு வந்தது.

அவர்கள் குடும்பங்களுக்கு ஊர் உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. மற்ற ஊர்த் தொழிலாளிகள் சில்லறை சேர்த்து அனுப்பித்தான் அடுப்பு எரிந்தது. ஏப்ரல் 21-இல் லண்டனில் பெரும் ஊர்வலம் நடந்தது. 200,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவைச் சுமந்து போனார்கள். 1836-இல் மன்னிப்பு கிடைத்தது. பின்னர் அவர்கள் திரும்பினார்கள்.

ஊர் நடுவே புல்வெளியில் ஒரு சைக்கமோர் மரம் நிற்கிறது. அவர்கள் அதனடியில் கூடிப் பேசினார்கள் என்பது ஊர் வழக்கு. 1680-களில் முளைத்த மரம் என்று கணித்திருக்கிறார்கள். சற்றுத் தள்ளி, 1934-இல் பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரஸ் கட்டிய ஆறு வீடுகள், நமது லயத்து வீடுகளைப்போல ஒரே வரிசையாக. ஓய்வுபெற்ற விவசாயத் தொழிலாளருக்கென்று கட்டியவை அவை. வீட்டுக்கு ஒருவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கேயே அருங்காட்சியகமும் உண்டு. ஜூலை மாதத்தில் ஆண்டு விழா. கொடியும் வாத்தியமுமாகத் தெரு நிறைந்துவிடும். அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு மாதத்தில் போவது நல்லது.

கடைசியாகத் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஆறு பேரில் ஐவர் பிற்பாடு கனடாவில் குடியேறிவிட்டார்கள். ஜேம்ஸ் ஹாமெட் ஒருவர்தான் இந்த ஊருக்கே திரும்பி வந்து வாழ்ந்தவர். அந்தச் சத்தியம் நடந்த அன்று அவர் அங்கே இல்லவே இல்லை, இருந்தவர் உடன்பிறந்த ஜான், அவருக்காக இவர் வாய் திறக்காமல் சிறை சென்றார் என்று சொல்கிறார்கள். முதுமையில் கண் தெரியாமல் போனது. பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்க வேண்டாமென்று டார்செஸ்டர் ஏழையர் விடுதிக்குப் போய், 1891-இல் அங்கேயே இறந்தார். அவர் தலைமாட்டுக் கல் 1934-இல்தான் நாட்டப்பட்டது.

நாங்கள் போனபோது யாரோ அதன் மேல் சின்னப் பூக்கொத்து ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பூ இன்னும் வாடவில்லை.