நவோதயா தேர்வு: அளப்பது திறனையா, பயிற்சியையா?

மடித்த தாளில் துளையிட்டு விரித்தால் துளைகள் எங்கெங்கே இருக்கும்? இந்த உருவம் கண்ணாடியில் எப்படித் தெரியும்? நான்கு படங்களில் சேராதது எது? ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் கேட்கப்படும் இத்தகைய கேள்விகள்தான், அடுத்த ஏழாண்டுகளுக்கு இலவச உணவு, உறைவிடம், பாடநூல் யாருக்கு என்பதைப் பெருமளவு முடிவு செய்கின்றன.

1985-86-ல் ஹரியாணாவின் ஜஜ்ஜர், மகாராஷ்டிரத்தின் அமராவதி ஆகிய இரு இடங்களில் சோதனை முறையில் தொடங்கிய நவோதயப் பள்ளிகள் இன்று 650-ஐத் தாண்டிவிட்டன. 75 சதவீத இடங்கள் கிராமப்புற மாணவர்களுக்கு உரியவை. ஆறாம் வகுப்புக்கான தேர்வை ஒரு குழந்தை ஒரே ஒரு முறைதான் எழுத முடியும்.

தேர்வின் 100 மதிப்பெண்களில் 50, மனத்திறன் பகுதிக்கு. அதில் விடைக்குச் சொற்கள் தேவையில்லை, அனைத்தும் படங்கள். நல்ல பள்ளியோ, படித்த பெற்றோரோ வாய்க்காத குழந்தையின் இயல்பான கூர்மையும் இதில் வெளிப்படும் என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். குறைசொல்ல முடியாத நோக்கம்தான். ஆனால், கேள்விகள் பத்தே வகை; வகைக்கு நான்கு. அமைப்பு தெரிந்துவிட்டால் பயிற்சி நூலுக்கும் தனிப்பயிற்சி மையத்துக்கும் வேறென்ன வேண்டும்? படக்கேள்வியும் பழகப் பழகக் கைவருவதே. பணம் கட்டிப் பழகிய குழந்தையும், தேர்வு அறையில்தான் அப்படங்களை முதன்முதலாகப் பார்க்கும் குழந்தையும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர்.

1905-ல் பாரிஸில் ஆல்பிரட் பினே வகுத்த அறிவுச் சோதனை, படிப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து உதவுவதற்காக உருவானது. முந்துவோரைப் பொறுக்கி எடுக்கும் கருவியாக அது மாறியது பின்னர்தான்.

2009-ல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு, சேர்க்கையின்போது எந்தப் பள்ளியும் குழந்தையை வடிகட்டக் கூடாது என்கிறது. குலுக்கல் அல்லாத எந்த வழியில் ஒரு குழந்தையை மற்றொன்றைவிட முன்னிறுத்தினாலும் அது வடிகட்டல் என்பது சட்டத்தின் விளக்கம். முதல் மீறலுக்கு 25 ஆயிரம் ரூபாய் வரை, அடுத்தடுத்த மீறல்களுக்குத் தலா 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். நவோதயாக்களை இதே சட்டம் குறிப்பிட்ட வகைப் பள்ளிகள் எனத் தனியே வரையறுத்துள்ளது உண்மை. எனினும், 13-வது பிரிவின் வாசகத்தில் அவற்றுக்கு விலக்கு இல்லை. சட்டம் 2010 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. தேர்வு அதன் பிறகும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது.

தமிழகத்தில் நவோதயா குறித்த விவாதம் ஹிந்தியைச் சுற்றியே நடந்து வந்துள்ளது. 2017 செப்டம்பரில் பள்ளிகள் தொடங்க அனுமதிக்குமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பதினேழு வயதினர் எழுதும் நீட் தேர்வு கிராமத்து மாணவரை வடிகட்டுகிறது என்று வாதிடும் மாநிலத்தில், பத்து வயதில் நடக்கும் இந்த வடிகட்டல் மொழிப் பிரச்னை அளவுக்குப் பேசப்பட்டதில்லை.