வேப்பிலையின் மேல் அக்கினிச்சட்டி

விருதுநகர் அருள்மிகு பராசக்தி மாரியம்மன் திருக்கோயிலில் பங்குனிப் பொங்கல் திருவிழாவின்போது பக்தர்கள் அக்கினிச்சட்டி ஏந்தி வருவதை நம்மில் பலர் தரிசித்திருப்போம். எரியும் சட்டியை வெறுங்கையில் எவரும் ஏந்துவதில்லை. வேப்பிலையைக் கொத்தாகக் கையில் வைத்து, அதன்மேல்தான் தாங்குகின்றனர்.

குழந்தை வளர்ப்பும் இத்தகையதே. துன்பமே அணுகாமல் ஒரு பிள்ளையை வளர்த்துவிட எவராலும் இயலாது. துன்பம் வரும் வேளையில் அந்தப் பிஞ்சுக் கைக்கு வேப்பிலையாக இருப்பதே பெரியவர்களால் ஆகக்கூடியது.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் இது வெறும் உவமை அன்று. வானம் பார்த்த இந்தக் கரிசல் பூமிக்கு, 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். பின்னர் பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்து, எண்ணற்ற குடும்பங்களுக்குச் சோறிட்டன. சோறிட்ட அதே மருந்து சில வேளைகளில் உயிரையும் பறித்துவிடுகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். இத்தகைய விபத்துகளுக்குப் பின், தாத்தாவும் அப்பத்தாவும் அம்மாச்சியும் மீண்டும் பெற்றோர் ஆக வேண்டிய நிலை பல வீடுகளில் நேர்கிறது. மகனையோ மகளையோ பறிகொடுத்த துயரம் ஆறுமுன்பே, பேரப்பிள்ளைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பு அவர்கள்மேல் விழுகிறது.

மறைத்துப் பேசுதல் வேண்டா

இத்தகைய வீடுகளில், "அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்" என்று அன்பினால் சொல்லிவிடுகிறோம். குழந்தை வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறது. பின்னர் தெருவிலோ பள்ளியிலோ உண்மை தெரியவரும்போது, தாயை இழந்த துயரோடு, நம்மீது வைத்த நம்பிக்கையையும் இழந்து நிற்கிறது. "அப்பா தூங்குகிறார்" என்றால், சிறு பிள்ளைகள் தூக்கத்தையே அஞ்சத் தொடங்குவதும் உண்டு. "இறந்துவிட்டார், இனித் திரும்பி வரமாட்டார், நான் உன்னோடு இருக்கிறேன்" என்று மடியில் இருத்தி, எளிய சொற்களில் உண்மையைச் சொல்வதே நன்று.

வேறு இரண்டு சொற்களையும் நாம் தவிர்க்க வேண்டும். ஒன்று, "இனி நீதான் வீட்டுக்கு ஆண்பிள்ளை, அழக்கூடாது" என்பது. எட்டு வயதுத் தோளில் அது தாங்கொணாச் சுமை. மற்றொன்று, "தெய்வக் குற்றம்" என்பது. தான் அடம்பிடித்ததால்தான் அம்மா போய்விட்டாள் என்று தனக்குள் அஞ்சும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இச்சொல் புண்ணில் கோலிட்டது போலாகும். ஆறுதல் தேடி ஓட வேண்டிய சந்நிதியே அச்சம் தரும் இடமாகிவிடும்.

நம் மாவட்டத்துத் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று அவதரித்தவர் ரமண மகரிஷி. வேங்கடராமன் என்னும் அச்சிறுவர் 12 வயதில் தந்தை சுந்தரமய்யரை இழந்தார். தாயைப் பிரிந்து, மதுரையில் சிறிய தந்தை சுப்பய்யர் இல்லத்தில் வளர்ந்தார். 1896-இல், 16 வயதில், மரண பயம் திடீரெனப் பற்றியபோது அவர் அதைவிட்டு ஓடவில்லை. இறப்பது எது என்று உள்முகமாக விசாரித்தார். எல்லாப் பிள்ளைகளும் மகரிஷி ஆவதில்லை. ஆயினும் சாவைப் பற்றிய கேள்வி எல்லாப் பிள்ளைகளின் உள்ளத்திலும் எழுகிறது. "அதெல்லாம் பேசாதே" என்று அதனை அடைத்துவிடலாகாது.

தனித்துச் சுமக்க வேண்டா

பெற்றவர் மட்டுமே பிள்ளை வளர்க்க முடியும் என்று நம் மண் ஒருநாளும் கருதியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் துளசி வனத்தில் கண்டெடுத்த குழந்தையை மகளாக ஏற்று வளர்த்தவர் பெரியாழ்வார். அக்குழந்தையே ஆண்டாள்.

விருதுநகரில் 1903 ஜூலை 15 அன்று பிறந்த காமராசர், சிறு வயதிலேயே தந்தை குமாரசாமியை இழந்தார். பாட்டி பார்வதியம்மாளும் தாயார் சிவகாமியம்மாளும் அவரை வளர்த்தனர். தாயார் தம் நகைகளை விற்று, அத்தொகையை வணிகர் ஒருவரிடம் கொடுத்துவைத்து, வட்டியில் குடும்பம் நடத்தினார். சிறுவர் பயின்ற சத்திரிய வித்தியாசாலையோ, வீடுதோறும் எடுத்து வைத்த பிடியரிசியால் வளர்ந்த பள்ளி. இரு பெண்களுக்குப் பின்னால் ஓர் ஊரே நின்றது.

இன்றும் அத்தகைய கைகள் இல்லாமல் இல்லை. பட்டாசு விபத்தில் உயிரிழந்தோரின் பிள்ளைகளுடைய கல்விச் செலவை ஏற்பதாகத் தமிழக அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கான உதவிகளை அறிய மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தை அணுகலாம். குழந்தைகள் உதவி எண் 1098. உதவி கேட்பது இரத்தல் அன்று. பிள்ளைக்கு உரியதைப் பெற்றுத் தருவதும் காப்பாளரின் கடமையே.

உடம்பைப் பேணுவதும் வழிபாடே

பேரப்பிள்ளைக்காக ஓடியாடும் பாட்டி, தம் மாத்திரையை மறந்துவிடுகிறார். செவ்வாய், வெள்ளி விரதம் என்று நாள் முழுவதும் உண்ணாதிருக்கிறார். சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவர் பட்டினி கிடந்தால் மயங்கி விழ நேரிடும். அதைக் காணும் பிள்ளைக்கோ, "இவரும் போய்விடுவாரோ" என்ற அச்சம் பிறக்கும். முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் விரதத்தில் தளர்வு தருவது நம் மரபு. மருத்துவரைக் கேட்டு, பாலோ பழமோ உட்கொண்டு விரதம் காக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்களுக்கான மாத்திரைகளை வீட்டிலேயே பெறலாம்.

பிள்ளையின் எதிரில் அழலாமா என்று கேட்பவர் உண்டு. அழலாம். "உங்கம்மா நினைப்பு வந்துவிட்டது கண்ணு, அதான் அழுதேன். வா, காபி போடுவோம்" என்று சொல்லி எழுந்து நடக்கும் பாட்டியிடம், துயரம் வரும், பின் சற்றே தணியும் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. அழுகையை அடக்கி, எரிந்து விழும் தாத்தாவிடம் இதைக் கற்க இயலாது.

தீபாவளி வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் பிள்ளையை, "சிவகாசிப் பிள்ளைக்கு வெடி பயமா?" என்று கேலி செய்து வெடிக்கச் சொல்லாதீர்கள். வாரக்கணக்கில் உறக்கமோ உணவோ குன்றினால், விட்டுப்போன படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்பினால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கிறது. அந்த எண் பிள்ளைக்கு மட்டுமன்று, உங்களுக்கும்தான்.

மாலையில் விளக்கேற்றியதும் பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். இன்று மனத்தை வருத்தியது எது, மகிழ்வித்தது எது என்று கேளுங்கள். நீங்களும் உங்கள் பங்குக்கு ஒன்று சொல்லுங்கள். மறைந்தவரின் பெயரைச் சொல்லி, அவருக்குப் பிடித்த பலகாரத்தையோ அவர் செய்த குறும்பையோ நினைவுகூருங்கள். அதன்பின் அம்மன் திருமுன் இருவரும் சேர்ந்து திருநீறு இட்டுக்கொண்டு, வேளையோடு உண்டு உறங்கச் செல்லுங்கள்.